பாதித் தாடி

இடது கன்னம் முடிந்து கத்தி மோவாய்க்கு வந்தபோது முதல் அடி விழுந்தது.

கத்தி கை நழுவிப் பலகையில் விழுந்தது. அவன் திரும்புவதற்குள் ஐந்தாறு பேர் மேலே பாய்ந்து அமுக்கினார்கள்.

"எதுக்கடா அடிக்கிறீங்க?"

யாருக்கும் புரியவில்லை. புரிந்திருந்தாலும் நிறுத்தியிருக்க மாட்டார்கள்.

யவனக் கப்பல். முசிறியிலிருந்து செங்கடலுக்குப் போகிற வழி. காற்று செத்துப் பாய் துவண்டு தொங்கியது. அந்தக் கப்பலில் இருந்த ஒரே தமிழன் அவன். அடித்தட்டில் கிடந்த மிளகில் பாதி அவனுடையது.

மனைவி எயினி உண்டானதிலிருந்து அவன் முகத்தில் கத்தி படவில்லை. பிள்ளை பிறக்கும்வரை புருஷன் மழிக்கக் கூடாது, மழித்தால் வயிற்றில் இருப்பதற்கு ஆகாது. அவன் வீட்டு வழக்கம் அது. வாயும் வயிறுமாக அவளை விட்டுவிட்டுத்தான் கப்பலேறினான். காற்று யாருக்காகவும் காத்திருக்காதே.

மாசி நிலவு நிறைவதற்குள் பிறந்துவிடும் என்று அவள் சொல்லியிருந்தாள்.

நேற்று நிலவு நிறைந்தது.

விடிந்ததும் பெட்டியைத் திறந்து கத்தியை எடுத்தான். ஆணோ பெண்ணோ, பிறந்திருக்கும். அதைச் சொல்லிக்கொள்ள அங்கே ஆள் இல்லை. தாடியையாவது எடுக்கலாம் என்று கப்பல் விளிம்போரம் உட்கார்ந்து, மழித்த முடியைக் கடலில் உதறினான்.

அதற்குத்தான் இந்த அடி.

மீகாமன் சோசிமோஸ் வந்தான். கப்பலைச் செலுத்துகிறவன். முசிறிக்கு வந்து வந்து கொஞ்சம் தமிழ் ஒட்டியிருந்தது.

"கப்பலில் முடி வெட்டக் கூடாது. புயலில் மட்டும் வெட்டு. சாகிற நேரம் எல்லாரும் மழித்து, கடலுக்குக் கொடுத்து, உயிர் கேட்பது. நீ சும்மா கொடுத்தாய். இனி புயல் வரும்."

புயலுக்கும் என் மோவாய்க்கும் என்னடா சம்பந்தம் என்று கேட்க வாய் துடித்தது. எயினியின் வயிற்றுக்கும் அதே மோவாய்க்கும் இருந்த சம்பந்தம் அப்போது அவன் நினைவில் இல்லை.

"எனக்குப் பிள்ளை பொறந்திருக்கு" என்றான்.

மீகாமன் அதை மற்றவர்களுக்குச் சொன்னானோ என்னவோ. ஒரு முகமும் மாறவில்லை.

கத்தியைக் கடலில் எறிந்தார்கள். அதோடு விட்டார்களா? எல்லோருடைய மூட்டை முடிச்சுகளையும் கொட்டிக் கவிழ்த்து, அகப்பட்ட சவரக்கத்திகள் அத்தனையையும் எறிந்தார்கள். பிறகு அவனைப் பாய்மரத்தில் கட்டினார்கள்.

பாதித் தாடியோடு.

மிளகு மூட்டைகள் ஏறியபோது இதே ஆட்கள்தான் அவனைக் கட்டிப்பிடித்துக் கொண்டாடினார்கள். மிளகு வேண்டும். மிளகுக்காரன் தன் தாடியைத் தானே எடுக்கக் கூடாது. நன்றாக இருக்கிறது நியாயம்!

வெயிலில் மழித்த கன்னம் எரிந்தது. மழிக்காத கன்னம் அரித்தது. சொறிந்துகொள்ளக் கையில்லை. அடியைவிட அதுதான் அவனை அழவைத்தது.

பிற்பகலில் வானம் கறுத்தது.

காற்று ஒரேயடியாக வந்தது. பாயை இறக்குவதற்குள் பாதி கிழிந்து பறந்தது. கப்பல் பக்கவாட்டில் சாய்ந்து, நிமிர்ந்து, மறுபடி சாய்ந்தது. பாரத்தைக் குறைக்கச் சொல்லி மீகாமன் கத்தினான்.

முதலில் போனது அவனுடைய மிளகு. மரத்தில் கட்டுண்டபடி பார்த்துக்கொண்டிருந்தான். தன் மூட்டைகள் ஒவ்வொன்றாக அவன் முன்னாலேயே இழுபட்டுப் போயின. யவனர்களின் துணிப்பொதிகள் மேல் அதுவரை ஒரு கை படவில்லை.

"பாவிகளா!" என்று தொண்டை கிழியக் கத்தினான். காற்றில் அவனுக்கே கேட்கவில்லை.

பிறகு அவர்களுக்கு உயிர்ப் பயம் வந்தது. எல்லோரும் தலையைத் தடவினார்கள். கத்தி தேடினார்கள்.

எங்கே இருக்கும்?

ஒருவன் பாய் அறுக்கும் கத்தியைத் தலையில் வைத்து இழுத்தான். முடி வரவில்லை, ரத்தம்தான் வந்தது. அதைப் பார்த்து இன்னொருவன் ஓவென்று அழுதான்.

மீகாமன் தவழ்ந்து தவழ்ந்து பாய்மரத்தடிக்கு வந்தான்.

"கத்தி. உன்னிடம் இன்னொன்று?"

கை கட்டியிருந்தது. அவன் மோவாயால் கடலைக் காட்டினான்.

மீகாமனின் பார்வை கடலுக்குப் போகவில்லை. அந்த மோவாயிலேயே நின்றது. மழித்த பாதியில்.

ஏதோ சொல்லிக் கூவினான். எல்லோரும் விழுந்தடித்துக்கொண்டு வந்தார்கள். ஈரக் கைகள் அவன் கன்னத்தைத் தொட்டுத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டன. காலையில் முதல் அடி அடித்தவன் அவன் காலைக் கட்டிக்கொண்டான்.

"உன் முடி மட்டும் கடலிடம் போயிருக்கிறது" என்றான் மீகாமன். "நீ கேள். எங்கள் எல்லாருக்கும் கேள்."

தலைக்கு மேலே மரம் முனகியது. கயிற்றின் வழியாக முதுகில் அது அதிர்வதை அவன் உணர்ந்தான். இது முறிந்தால் இதோடு அவனும் போவான்.

"மொதல்ல அவுத்து விடு" என்றான். "நான் பிள்ளையைப் பார்க்கணும்."

மீகாமன் தலையாட்டினான். பின்பக்கம் போய்க் குனிந்து முடிச்சில் கை வைத்தான்.

அப்பாடா என்று அவன் மூச்சு விட்டான்.

முடிச்சு இறுகியது.

இன்னொரு கயிறு வந்தது. மீகாமன் அதை அவன் இடுப்பைச் சுற்றிக் கொண்டுவந்தான். தோலை அறுக்காமலிருக்க நடுவில் தன் மேலாடையை மடித்து வைத்தான்.

இந்த முறை மரியாதையாகக் கட்டினான்.