போன இடங்கள்

"ஷோரூமுக்கு அப்புறம் போலாம். மொதல்ல இந்த லாட்ஜுக்கு வண்டியை வுடு" என்றான் பச்சைமுத்து.

சிக்னல் பச்சையாகியும் சங்கமித்ரா வண்டியை எடுக்கவில்லை. பின்னால் ஹாரன் அடித்தார்கள்.

வண்டி அவளுடையது இல்லை. ஜானகி மேடத்தினுடையது. சங்கமித்ரா அதற்கு டிரைவர். ஸ்டியரிங் பக்கத்தில் சின்ன டிவி மாதிரி ஒரு மேப் பதித்திருந்தது. மேம்பாலம் வந்து மூன்று வருஷம் ஆகியும் அது பழைய ரோட்டையே காட்டியது. ஒன்வே ஆகிவிட்ட தெருவில் எதிரே போகச் சொன்னது. புது மேப் ஏற்றித் தருகிறோம் என்று ஷோரூமில் இரண்டு தடவை வரச் சொன்னார்கள். இரண்டு தடவையும் பென்டிரைவ் சரியில்லை என்று திருப்பி அனுப்பினார்கள். இன்றைக்காவது முடித்துக்கொண்டு வா என்று மேடம் ஞாயிற்றுக்கிழமை சாவியைக் கொடுத்திருந்தாள். வீட்டில் சும்மா படுத்திருந்த புருஷன் பச்சைமுத்துவையும் சங்கமித்ரா துணைக்கு ஏற்றிக்கொண்டாள்.

வந்தவன் சும்மா வரவில்லை. அந்தப் படத்தைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தான். போன இடங்கள் என்று ஒரு வரிசை வந்தது. இங்கிலீஷை எழுத்துக் கூட்டிப் படித்தான். நியூ மூன்லைட் லாட்ஜ். புதன்கிழமை, மத்தியானம் ஒரு மணி. அதற்கு முந்தின புதனும் அதே. அதற்கு முந்தினதும். மொத்தம் ஒன்பது புதன்கிழமை.

புதன்கிழமை மட்டும்தான் மேடம் ஒயிட்ஃபீல்ட் ஆபீசுக்குப் போவாள். பத்து மணிக்கு இறக்கிவிட்டால் ஐந்து மணி வரைக்கும் வண்டி இவள் கையில்.

"அப்டேட் பண்ணா இந்த லிஸ்ட்டெல்லாம் அழிஞ்சிடும். அதான் இன்னிக்கு இவ்ளோ அவசரமா உனக்கு?"

"மேப்பு சொல்றதெல்லாம் நெஜம்னா நாம இப்ப ஏரிக்குள்ள போயிட்டிருக்கோம். பாரு."

பார்த்தான். படத்தில் வண்டி நீலத் தண்ணீருக்கு நடுவில் நின்றது.

"வழிய தப்பா சொல்லலாம். போன எடத்த தப்பா சொல்லுமா?"

 அவள் லாட்ஜின் பெயரைத் தொட்டாள். மேப்பில் இருந்த பொம்பளைக் குரல் வழி சொல்ல ஆரம்பித்தது.

பச்சைமுத்து மனதில் இருந்ததை எல்லாம் கொட்டினான். லைசென்ஸ் வாங்கினதிலிருந்தே இவள் ஆள் மாறிவிட்டாள் என்றான். அபார்ட்மெண்ட் செக்யூரிட்டி இவளுக்கு சல்யூட் அடிக்கிறானாம். பக்கத்து ஃப்ளாட் டிரைவர் நரேஷ் ரிவர்ஸ் எடுக்கக் கற்றுக்கொடுத்தானாம். விடியும் முன்னால் தார்ப்பாய் போட்ட வேனில் மேஸ்திரி இவனை ஏற்றிப்போகிறான். தூங்கிக்கொண்டே போய் இறங்கி, இருட்டின பிறகு சிமெண்ட்டும் வேர்வையுமாகத் திரும்பி வருகிறான். இவள் ஏசியில் உட்கார்ந்து சென்ட் வாசனையோடு வீட்டுக்கு வருகிறாள்.

"நடுவுல நீ எங்க போறே, யாரோட போறேன்னு எனக்கு எப்படித் தெரியும், சொல்லு."

மெட்ரோ தூணுக்குக் கீழே அந்தக் குரல் வலது பக்கம் திரும்பச் சொன்னது. அங்கே வலது பக்கம் சுவர்தான் இருந்தது. சங்கமித்ரா அதைக் காதில் வாங்காமல் இரண்டு தெரு தள்ளிப் போய்த் திரும்பினாள். அடுத்த இடத்திலும் குரல் சொல்லும் முன்னாலேயே இண்டிகேட்டர் போட்டாள். வழி அவளுக்கு மனப்பாடமாக இருந்தது. 

"ஒண்ணு கேக்கறேன்" என்றாள் அவள், ரோட்டைப் பார்த்தபடியே. "இப்பல்லாம் டப்பாவுல கட்டிக் குடுக்கற சோறு பாதி அப்படியே திரும்பி வருதே. ஏன்?"

"வெயில்ல பசிக்கல. பேச்ச மாத்தாத."

"சரி."

"அவன் யாரு? பேர மட்டும் சொல்லு. நரேஷா?"

"அங்க போனா நீயே பாத்துக்கோ. உனக்குத் தெரிஞ்ச ஆளுதான்."

 தெரிந்த ஆள் என்றால் இன்னும் கேவலம். தெருவில் இருக்கும் ஒவ்வொருவனையும் நினைத்து நினைத்து வந்தான். அந்த ஆள் அங்கே இருந்தால் சட்டையைப் பிடித்து இழுத்துவந்து, இவளை இந்த வண்டியோடு அங்கேயே விட்டுவிட்டு பஸ் ஏறிவிட வேண்டும் என்று முடிவும் செய்துவிட்டான்.

நீங்கள் வந்து சேர்ந்துவிட்டீர்கள் என்றது மேப். சங்கமித்ரா ரோட்டோரமாக வண்டியை நிறுத்தி இஞ்சினை அணைத்தாள்.

பச்சைமுத்து கதவைத் திறந்து குதித்தான். போர்டு எதுவும் இல்லை. நீளத்துக்கு நீலத் தகரம் அடைத்திருந்தது. அதில் நீச்சல்குளமும் தென்னை மரமுமாக ஒரு அபார்ட்மெண்ட் படம். ஒரு இடத்தில் பாதி திறந்த கேட்.

"எங்கடி லாட்ஜு?"

"இடிச்சு ஒன்றரை வருஷம் ஆவுது. மேப்புக்குத்தான் இன்னும் தெரியல" என்றாள் அவளும் இறங்கி வந்து. "உள்ள எட்டிப் பாரு."

எட்டிப் பார்த்தான். மணல் குவியல். கலவை மெஷின். மதில் ஓரமாக ஒரு புங்க மரம். மூன்றாவது மாடிச் சாரத்தில் ஒரு பச்சைத் துண்டு தொங்கிக்கொண்டிருந்தது. நேற்று சாயங்காலம் வேன் கிளம்பும் அவசரத்தில் அவன் மறந்துவிட்டு வந்த துண்டு. வேன் எப்போதும் பின்பக்கக் கேட்டில்தான் நிற்கும். இந்தப் பக்கத்தை அவன் பார்த்ததே இல்லை.

திரும்பி அவளைப் பார்த்தான். 

"மொத தடவை இந்த மேப்புதான் வழி தப்பி என்னை இங்க கொண்டாந்து நிறுத்துச்சு" என்றாள் சங்கமித்ரா. "அதுக்கப்புறம் ஒவ்வொரு புதன்கெழமையும் நானாத்தான் வந்தேன். அந்தப் புங்க மரத்தடியில ஒக்காந்து உங்கூட சித்தாளு வேல பாக்கற தனலக்ஷ்மி உனக்கு மீன்ல முள்ளெடுத்துக் குடுக்கறதப் பாக்க."