ழவின் வால்

பெனிட்டாவின் கடைசி வருடக் கல்லூரி ப்ராஜெக்ட், புதிதாக ஒரு தமிழ் ஃபான்ட். கண்காட்சிக்காக அந்த எழுத்துகளில் பூண்டுக் குழம்புச் செய்முறை ஒன்றை போஸ்டராக அடித்துச் சுவரில் ஒட்டினாள். எழுத்துகளுக்குப் பெருமையில் தலைகால் புரியவில்லை.

"என் வாலை மட்டும் நாற்பத்து மூணு தடவை வரைஞ்சா, தெரியுமா?" என்றது ழ.

"என் சுழிக்கு ரெண்டு மாசம்!" என்றது ண. "ஐயோ, எக்ஸாமினர் வர்றார், நேரா நில்லு!"

எக்ஸாமினர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். முதல் வரியில் நுழைந்தவர் கடைசி வரி வரை நிற்கவே இல்லை. எச்சில் விழுங்கினார்.

"ஏம்மா, இதுல உப்பே போடலையே?"

பெனிட்டா நாக்கைக் கடித்துக்கொண்டாள். வாலும் சுழியும் வரைந்த மும்முரத்தில் உப்பை மறந்தே போயிருந்தாள்.

"சார்... எழுத்து எப்படி இருக்கு?"

"எழுத்தா?" என்று அவர் அப்போதுதான் பார்ப்பவர் போல நிமிர்ந்தார்.

"போச்சு! என் வாலை அந்த மனுஷன் பார்க்கவே இல்லை!" என்று அலறியது ழ.

பெனிட்டாவோ, எழுத்து கண்ணைத் தடுக்காமல் நேராகக் குழம்புக்கே போய்விட்டாரே என்று, அவர் நகர்ந்ததும் குதித்த குதியில் பக்கத்து போஸ்டர் கழன்று விழுந்தது.

அன்று மாலை ப்ராஜெக்ட் அறிக்கையில், 'கிடைத்த பாராட்டு' என்ற இடத்தில், தன் ஃபான்டிலேயே பெரிதாக அடித்தாள்: "எழுத்தா?"

அந்தச் சொல்லின் நடுவே நின்ற ழ, ஓரத்திலிருந்த கேள்விக்குறியிடம் மெதுவாக விசாரித்தது: "இது பாராட்டா, திட்டா?"

கேட்க மட்டுமே தெரிந்த கேள்விக்குறி கேட்டது: "அவர் போற வழியில அரைக் கிலோ பூண்டு வாங்கினாராமே, உனக்குத் தெரியாதா?"