எல்லாக் கதவிலும் ஒட்டிய தாள்

சாப்பாட்டு அறைக் குப்பைத்தொட்டியில் என் டிபன் பாக்ஸ் கவிழ்ந்து கிடந்தது. கறியும் சோறும் தொட்டி முழுக்கச் சிதறியிருந்தன.

"நான்தான் கொட்டினேன்," என்றார் எங்கள் ஆய்வக இயக்குநர். "செத்த உயிரை ஃப்ரிட்ஜுல வெச்சா, என் சாப்பாட்டை எப்படிம்மா அதுல வெக்கிறது?"

"தனியா மூடித்தான் சார் வெச்சிருந்தேன்."

"எதிர்த்துப் பேசாதே. கொன்ன உயிரோட எதுவும் இனிமே இந்தக் கட்டடத்துக்குள்ள வரக் கூடாது. டைப் அடிச்சுக் கொண்டா, கையெழுத்துப் போடறேன். எல்லாக் கதவுலயும் ஒட்டு."

பல்லைக் கடித்துக்கொண்டு ஒட்டினேன். வைரஸ் வளர்க்கும் அறைக் கதவையும் விடவில்லை.

நான்காம் நாள் அவர் கத்தியது மாடிவரை கேட்டது. நாங்கள் ஆராயும் ரெட்ரோவைரஸ் என்ற வைரஸ் பெருக உயிருள்ள மனித செல்கள் வேண்டும். குடுவைகளில் அத்தனை செல்களும் செத்துக் கிடந்தன. எட்டு வார உழைப்பு; பெரும்பாலும் என்னுடையது.

"செல்லுக்குத் தீனி போட்டியா இல்லையா?"

"சத்துநீர் மாத்தினேன் சார். சீரம் மட்டும் கலக்கலை."

"சீரம் இல்லாம செல் எப்படிப் பிழைக்கும்? உனக்கென்ன பைத்தியமா? பாட்டில் பாட்டிலா வாங்கி வெச்சிருக்கேனே."

"கட்டடத்துக்கு வெளியே எடுத்து வெச்சுட்டேன். அறுத்த பசுவோட வயித்துக்குள்ள இருந்த கன்னுக்குட்டியோட ரத்தம் சார் அது. மாசாமாசம் நீங்கதானே ஆர்டர் போடறீங்க?"

அவர் கதவைப் பார்த்தார். குரல் இறங்கியது.

"அந்தத் தாளைக் கிழிச்சுடும்மா."

"உங்க கையெழுத்து சார். நீங்களே கிழிங்க."