வீட்டில் பூனை உண்டா?

மேஜைமேல் குஷியாக ஓடிக்கொண்டிருந்த பொம்மை ரயில் எஞ்சின் வளைவில் திடீரென நின்றுவிட்டது. "போச்சு! இனி என்னைப் பரண்லதான் போடுவாங்க!" என்று அழுதது.

"இரு, நம்ம குட்டி ரயில் குரூப்ல கேக்கறேன்" என்றது பக்கத்திலிருந்த செல்போன். சக்கரத்தைப் படமெடுத்துப் போட்டது.

ஊர் ஊராக எஞ்சின்கள் மடமடவெனப் பதில் அனுப்பின. "எனக்கும் இப்படித்தான் ஆச்சு! வீட்டுல பூனை உண்டா?"

தண்டவாளத்தின் ஓரம் படுத்திருந்த பூனை நைசாக எழுந்தது.

"எங்கே நழுவுறே? சக்கரத்துல உன் முடிதான் சுத்தியிருக்காம். நகத்தை நீட்டு!" என்றது செல்போன்.

பூனை அசடு வழிந்தபடி ஓர் இழுப்பு இழுத்தது. எஞ்சின் கூவிக்கொண்டே பறந்தது.

அதற்குள் செல்போன், "குரூப்புக்குப் புதுசா ஒரு எஞ்சின் வந்திருக்கு. ஓடாம நின்னுடுச்சாம்" என்றது.

எஞ்சின் ஓட்டத்தை நிறுத்தாமலே கத்தியது: "முதல்ல அழாதேன்னு சொல்லு! அப்புறம் வீட்டுல பூனை உண்டான்னு கேளு!"