எதிர் வாசல்

பொருட்காட்சித் திடலில் கூட்டம் நெருக்கியபோது கோமதியின் கை இளவழுதியின் கையிலிருந்து நழுவியது. அவள் பக்கம் வாசல் இருந்ததால் ஐந்தாறு பேரை இடித்துக்கொண்டு வெளியே வந்துவிட்டாள். அவனை மொத்தக் கூட்டமும் உள்ளே இழுத்துக்கொண்டது. ஆய்வகத்தில் இருவரும் அளப்பது இதைத்தான்: அணுக்கரு மோதலில் எதிரெதிராகத் தெறிக்கும் இரண்டு துகள் தாரைகளில் ஒன்று தப்பிவிடும், அடர்ந்த பொருளைக் கடக்க நேரும் மற்றது, வழியெல்லாம் தன் ஆற்றலைச் சுற்றியிருப்பவற்றிடம் இழந்து கரைந்துபோகும். அவள் திடலைச் சுற்றி ஓடி எதிர் வாசலில் நின்றாள். முதலில் வந்தவர், கண்ணாடியே போடாதவர், மோதிர விரலால் மூக்குக்கு மேல் எதையோ தள்ளிவிட்டார். அது இளவழுதியின் பழக்கம். பஞ்சுமிட்டாயோடு வந்த பெண் அவனைப் போலவே இடது காலை இழுத்து நடந்தாள். தற்செயல் என்று கழித்துவிடத்தான் பார்த்தாள் கோமதி. அடுத்து வந்த போலீஸ்காரர் அவன் எப்போதும் பாடும் மெட்டை முணுமுணுத்தார்.

"யாரம்மா தேடுறீங்க?" என்றார் காவலாளி.

"வீட்டுக்காரருங்க. உள்ளதான் இருக்காரு."

"உள்ள ஒருத்தரும் இல்லியேம்மா. பூட்டப் போறேன்."

தப்பிய தாரையும் மெல்லிய ஓரத்தையாவது கடந்துதான் வருகிறது, அதுவும் கொஞ்சம் இழந்திருக்கும் என்று கட்டுரையில் எழுதியவள் அவள்தான். சாலையில் கலைந்துகொண்டிருந்த கூட்டத்திலிருந்து யாரோ சிரித்தார்கள். அது கோமதியின் சிரிப்பு. அவள் அவசரமாகச் சிரித்துப் பார்த்தாள். வாய் மட்டும் திறந்தது.