பயந்தால் திறக்காது

கத்தியைக் காட்டி மிரட்டினாலும் திறக்காது என்று பெருமையடித்துத்தான் அந்த நகைக்கடன் கம்பெனி லாக்கர் அறைக்கு ஒன்று, தெருவாசலுக்கு ஒன்று என இரண்டு கதவுகளை மாட்டியிருந்தது. பக்கத்தில் நிற்பவரின் வியர்வையில் பயத்தின் வாடை இருந்தால் கதவிலுள்ள நானோ சென்சார் கண்டுபிடித்துவிடும். மேலே சிவப்பு விளக்கு எரியும், பூட்டு அசையாது.

காசாளர் பூரணி லாக்கர் அறைக்குள் நகைப் பைகளை அடுக்கிக்கொண்டிருந்தபோது, வெளியே தள்ளித் தன் மேசையில் இருந்த மதிப்பீட்டாளர் மரியதாஸ் மைக்கில் அலறினார்.

"பூரணி, சீக்கிரம் வெளிய வாம்மா! ஒம் பையன் போற ஸ்கூல் வேன் கவுந்துருச்சாம்!"

அவ்வளவுதான். விளக்கு சிவந்தது.

பூரணி கதவை உதைத்தாள், தோளால் மோதினாள். முந்தானையால் கழுத்தையும் கைகளையும் துடைத்தாள். துடைக்கத் துடைக்க வியர்த்தது.

"கதவு கம்பெனிக்கு போன் பண்ணுங்கண்ணே!"

"பண்ணிட்டேம்மா. மனச அமைதியா வச்சுக்கச் சொல்றாங்க."

மைக் அணைந்து, மறுபடியும் கரகரத்தது. பிறகு மரியதாஸ் சொன்னார். "இப்பதான் ஸ்கூல்லேருந்து பேசுனாங்க பூரணி. அது வேற வேனாம். ஒம் பையன் கிளாஸ்லதான் உக்காந்திருக்கானாம்."

அவள் தரையில் சரிந்து உட்கார்ந்து அழுதாள். அழுகையினூடே சிரித்தாள். மெல்ல விளக்கு பச்சையானது.

"இருந்தாலும் ஒரு எட்டு போய்ப் பாத்துட்டு வந்துடறேண்ணே," என்று வெளியே வந்தவள் செருப்பை மாட்டினாள்.

மரியதாஸ் முந்திக்கொண்டு போய்த் தெருக்கதவை இழுத்தார். அது வரவில்லை. அவள் பக்கம் திரும்பாமலே மறுபடியும் இழுத்தார்.

பூரணி நிமிர்ந்து, அவர் தலைக்கு மேல் எரிந்த சிவப்பு விளக்கைப் பார்த்தாள்.