சாமியின் சுற்றளவு

கெலாங் பாத்தா காட்டோரம் வெயில் இலைகளினூடே பொட்டுப்பொட்டாய் விழுகிறது. இந்தக் காடு எவ்வளவு கார்பனைச் சேர்த்து வைத்திருக்கிறது என்று மரங்களை அளந்து கணக்கெடுக்கும் லோஷினிக்கு இன்னும் ஒரே மரம் பாக்கி. இருப்பதிலேயே பெரிய மரம். அதை விட்டால் ஒரு வார உழைப்பும் வீண். அதன் இடுப்பிலோ முனியாண்டியின் மஞ்சள் துணி. அவள் கையில் அளவுநாடாவைக் கண்டதும், பூசை செய்ய வந்த யோகேஸ்வரி முறைக்கிறாள். "சாமிக்குச் சட்டை தைக்கப் போறியா?" "துணியோட அளந்தா கணக்கு தப்பும்க்கா. கொஞ்சம் அவுத்தா..." "அலமாக்! சாமி உடுப்பு மாத்துறத என்னத் தவிர யாரும் பாக்கக் கூடாது. கண்ண மூடிக்கிட்டு அள." லோஷினி கண்களை இறுக மூடி, யோகேஸ்வரி துணியை அவிழ்த்ததும் மரத்தைக் கட்டிப்பிடித்து நாடாவைச் சுற்றுகிறாள். கழுத்தில் ஓர் எறும்பு ஏறுகிறது. எண்ணை யோகேஸ்வரியே குனிந்து படிக்கிறாள். "இருநூத்திப் பத்து சென்டி." உடனே குரல் தணிகிறது. "சாமி இடுப்பளவ வெளிய யார்கிட்டயும் சொல்லிடாத லா." "சரிக்கா," என்கிறாள் லோஷினி, உலகத்துக்கே அனுப்ப வேண்டிய படிவத்தை முதுகுக்குப் பின்னால் மறைத்தபடி.